மணிச்சித்ரதாழ் 4கே: முடிச்சு தெரிந்த பிறகும் குறையாத பயம்

1993-இல் வந்த மணிச்சித்ரதாழ் படத்தைத் துலக்கி, 4கே படமும் டால்பி அட்மாஸ் ஒலியுமாக 2024 ஆகஸ்டில் மறுபடி திரைக்குக் கொண்டுவந்தார்கள். களியக்காவிளை தாண்டினால் கேரளம். இந்தப் பக்கம் குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை. சப்டைட்டில் இல்லாமல் மலையாளப் படம் பார்த்து வளர்ந்த இந்த வட்டாரத்தில் இதைப் பார்க்காத ஆள் அபூர்வம். தொலைக்காட்சியில் போட்டுப் போட்டு வசனமெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. யார் பேய், எந்த அறை, எந்த ராத்திரி என்று எல்லாமே தெரியும். தெரிந்தும் தெக்கினி என்கிற தெற்குக் கட்டின் பூட்டு திறக்கும்போது கால் தன்னால் நாற்காலி மேல் ஏறுகிறது. அது எப்படி நடக்கிறது என்பதுதான் இங்கே பேச்சு. முடிச்சை அவிழ்க்காமல் இதைப் பேச வழியில்லை. இதுவரை பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். மொத்தம் 169 நிமிடம்.

இயக்கம் ஃபாசில், எழுத்து மது முட்டம். ஆலப்புழைப் பக்கம் முட்டத்தில் உள்ள ஆலும்மூட்டில் தரவாட்டில், அதாவது பூர்வீகக் குடும்ப வீட்டில், நடந்த ஒரு பழைய கொலைதான் கதைக்கு விதை. கல்கத்தாவிலிருந்து நகுலன் (சுரேஷ் கோபி) மனைவி கங்காவோடு (ஷோபனா) பூர்வீக வீடான மாடம்பள்ளிக்கு வருகிறார். குடும்பத்தில் மூத்தவர், தம்பி என்ற பெயருள்ளவர் (நெடுமுடி வேணு), வேண்டாம் என்கிறார். வீட்டின் தெற்குக் கட்டில் ஒரு அறை பூட்டிக் கிடக்கிறது. அந்தக் காலத்துக் காரணவர் (குடும்பத் தலைவர்) சங்கரன் தம்பி, தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்த நாகவல்லி என்ற ஆட்டக்காரியைத் துர்காஷ்டமி ராத்திரி கொன்றார் என்பது வீட்டுக் கதை. கங்கா அறையைத் திறக்கிறாள். மனநல மருத்துவர் சன்னி (மோகன்லால்) வருகிறார். கதை இவ்வளவுதான்.

பேய்க் கதையில் முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் ஊர் இசக்கியம்மன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நீலி கதை முன்னால் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் தெரியும், மடியில் தூங்குகிற குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் நடுராத்திரியில் அந்தக் கட்டம் வரும்போது கூட்டம் நெருங்கி உட்காருகிறது. நடக்கப்போவது தெரிந்திருப்பதே அங்கே பயத்துக்கு முதலீடு. மணிச்சித்ரதாழும் அதே முதலீட்டைத்தான் போடுகிறது. முதல் தடவை பார்க்கும்போது அதிர்ச்சி, இரண்டாம் தடவையிலிருந்து பதைப்பு. இந்த இரண்டையும் தனித்தனியாகச் செய்துவைத்திருப்பதால்தான் படம் நிற்கிறது.

ஹிட்ச்காக் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்ப்பவர்களுக்குத் தெரியாவிட்டால், அது வெடிக்கும்போது 15 வினாடி அதிர்ச்சி. முன்கூட்டியே காட்டிவிட்டால் 15 நிமிடம் பதைப்பு. இந்தப் படத்தில் அந்தக் குண்டு கங்காதான், ஆளுமைப் பிளவில் நாகவல்லியாக மாறுவது அவளே. அந்தக் குண்டு தொடக்கத்திலிருந்தே நம் கண் முன்னாலேயே இருக்கிறது. சிரிக்கிறது, மாமியார் வீட்டுக் கதைகளைக் கேட்கிறது, புத்தகம் படிக்கிறது. நாம் வேறு மேசைகளுக்கு அடியில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நம்மை அப்படித் தேடவைக்க முதல் பாதி எடுத்துக்கொள்ளும் சிரமம் கொஞ்சமல்ல. தொடக்கத்தில் வருவது பெரும்பாலும் நகைச்சுவை. இன்னசென்ட்டின் உண்ணித்தான், கே.பி.ஏ.சி. லலிதாவின் பாசுரா, பப்பு என்று ஒரு பட்டாளமே பயந்து ஓடுகிறது. இதை வெறும் இடைச்செருகல் என்று நினைத்து ஓட்டிவிடுகிறவர்கள் உண்டு. அப்படி ஓட்டினால் படம் பாதி கெட்டது. உண்ணித்தான் பயந்து ஓடும் வழியாகத்தான் அந்த வீட்டின் அமைப்பு நமக்குப் பழக்கமாகிறது: எந்தப் படி எங்கே ஏறுகிறது, எந்த இடைநாழி (நடைபாதை) எங்கே போய் முடிகிறது, தெக்கினி எந்தப் பக்கம். பின்னால் ஒரு கொலுசுச் சத்தம் கேட்டால் அது எங்கிருந்து வருகிறது என்று நாமே தெரிந்துகொள்கிறோம். படம் அதை விளக்க வேண்டியதில்லை. இடம் தெரியாத வீட்டில் சத்தம் கேட்டால் திடுக்கிடத்தான் முடியும். இடம் தெரிந்த வீட்டில் கேட்டால்தான் அடிவயிறு குளிரும். இன்றைய பல பேய்ப் படங்கள் தடுக்கி விழுவது இங்கே. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்னாலிருந்து ஒரு முகம் பாய்கிறது, ஆனால் வீட்டுக்கு எத்தனை வாசல் என்று கடைசிவரை தெரிவதில்லை.

சிரிப்புக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பேயை நம்புகிறவர்கள் எல்லோரும் கோமாளிகளாகத் தெரிவதால், பேய் இல்லை என்று சொல்கிற நகுலன், கங்கா பக்கம் நாம் சாய்கிறோம். கங்கா தைரியசாலி, படித்தவள், நம்மைப் போன்றவள். அவள் மேல் சந்தேகம் வராதபடி அந்தச் சிரிப்பே வேலி கட்டிவிடுகிறது.

அறை திறக்கும் காட்சியில் ஒரு பயமுறுத்தலும் கிடையாது. மாற்றுச் சாவி, பழைய பூட்டு, கதவு, இருட்டு, உள்ளே ஓவியம், பட்டு, நகை, சலங்கை. அவ்வளவுதான். கங்காவின் முகத்தில் பயம் இல்லை, ஆசைதான் இருக்கிறது. நமக்குச் சங்கடமாவது அதனால்தான். பயப்படும் கதாபாத்திரத்தைப் பார்த்தால் நமக்குப் பாதி பயம் இறங்கிவிடும், நமக்காக அவர் பயப்பட்டுவிடுவார். பயப்பட வேண்டிய இடத்தில் ஒருத்தி ஆசையோடு நடந்துபோனால் அந்தப் பயம் முழுக்க நம் தலையில் வந்து விழுகிறது.

அடுத்து சந்தேகத்தைத் திருப்பிவிடும் வேலை. கண்ணாடி உடைகிறது, புடவையில் தீப்பிடிக்கிறது. யார் செய்தது? தம்பியின் மகள் ஸ்ரீதேவி (வினயா பிரசாத்) இருக்கிறாள். நகுலனுக்கு என்று பேசப்பட்டவள், செவ்வாய் தோஷம் என்று வாழ்க்கை குலைந்தவள், எப்போதும் தலை குனிந்து நடப்பவள். ஒளியும் அவள் மேல் ஒரு மாதிரியாகவே விழுகிறது. படம் இங்கே பொய் சொல்லவில்லை, அவள் துக்கத்தைத்தான் காட்டுகிறது. துக்கத்தைக் குற்றமாகப் படிப்பது நாம்தான். அந்த வட்டாரத்துச் சாதகக் கணக்குகள், தள்ளிவைக்கப்பட்ட பெண்ணைப் பற்றி ஊர் பேசும் பேச்சு எல்லாம் நம் மண்டையில் ஏற்கனவே இருப்பதால் இந்த வலையில் நாம் எளிதாக விழுகிறோம். பின்னால் சன்னியே ஸ்ரீதேவியைத்தான் நோயாளி என்று எல்லோரையும் நம்பவைத்து அடைத்துவைக்கிறார். உண்மையான நோயாளிக்குச் சந்தேகம் வரக்கூடாதாம். கதைக்கு அது கெட்டிக்காரத்தனம். ஒரு மருத்துவர் செய்யும் காரியமாகப் பார்த்தால் மன்னிக்க முடியாதது. அதைப் பிறகு பார்ப்போம்.

மோகன்லால் அப்போது மலையாளத்தின் உச்ச நட்சத்திரங்களில் ஒருவர். அவர் வருவது பாதிப் படத்தை நெருங்கும்போது. அதுவரை காப்பாற்ற ஆள் இல்லாத ஒரு வீட்டில் நம்மை விட்டுவைத்திருக்கிறார்கள். 1960-இல் வந்த சைக்கோ, நட்சத்திர நாயகியைப் பாதிக்கு முன்பே கொன்று பார்ப்பவர்களின் பிடிமானத்தைப் பறித்தது. ஃபாசில் நட்சத்திரத்தைத் தாமதப்படுத்தி அதே பிடிமானத்தைத் தராமல் வைத்திருக்கிறார். வந்த பிறகும் சன்னி வேடிக்கைக்காரர். குளியலறைச் சண்டை, உண்ணித்தானைக் கிண்டல் செய்வது என்று திரிகிறார். இவரை நம்பலாமா என்று பார்ப்பவர்களுக்கே பிடி கிடைக்காது.

இனி எல்லோரும் பேசும் காட்சி. உறவுக்காரப் பெண் அல்லியோடு நகை வாங்கக் கிளம்புகிறாள் கங்கா. நகுலன் தடுக்கிறார், தடுக்கச் சொன்னது சன்னி. முதலில் கெஞ்சல், பிறகு முறைப்பு, பிறகு குரல் இறங்குகிறது, மலையாளம் தமிழாக மாறுகிறது, கட்டிலை ஒரு கையால் தூக்கி நிறுத்துகிறாள். இதில் என்னென்ன இல்லை என்று பாருங்கள். மின்னல் இல்லை, வெள்ளை முகப்பூச்சு இல்லை, கண்ணில் லென்ஸ் இல்லை, காற்றில் மிதப்பது இல்லை. தினமும் பார்க்கிற படுக்கையறை, தினமும் பார்க்கிற புடவை. ஷோபனா நாட்டியக்காரர் என்பதால் கண்ணையும் கழுத்தையும் தனித்தனியாக ஆள்கிறார். முகம் மாறுவதற்கு முன்பே கழுத்து மாறிவிடுகிறது. காட்சியின் உயிர் அடுத்த அடியில்தான். நகுலன் பெயர் சொல்லிக் கத்துகிறார், அவள் திரும்பி வந்துவிடுகிறாள், தனக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாமல் விழிக்கிறாள். அந்த விழிப்பு இல்லாமல் போயிருந்தால் காட்சி வெறும் மிரட்டலாகப் போயிருக்கும். அது இருப்பதால் நாகவல்லியைவிடக் கங்காவுக்காகத்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பேயைப் பார்த்து மட்டும் பயந்தால் படம் முடிந்ததும் பயமும் முடிந்துவிடும். ஆளுக்காகப் பயந்தால் வீடுவரை கூட வரும். ஷோபனாவுக்கு இந்தப் படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. இந்த ஒரு காட்சிக்கே கொடுத்திருக்கலாம்.

குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கங்காவுக்கு மலையாளத்தில் பின்னணி பேசியவர் பாக்யலட்சுமி. நாகவல்லியின் தமிழைப் பேசியவர் துர்கா. ஒரே உடலுக்கு இரண்டு குரல் என்பது சிக்கனமான, ஆனால் சரியாக வேலைசெய்யும் உத்தி. பேசுவது வேறொருத்தி என்று மூளை யோசிக்கும் முன்பே காது சொல்லிவிடுகிறது. ஒரே குரல் கலைஞர் குரலைக் கரகரப்பாக்கிப் பேசியிருந்தால் நடிப்பு என்று பிடிபட்டிருக்கும்.

அந்தத் தமிழ் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு விதமாகவும் இந்தப் பக்கம் வேறு விதமாகவும் வேலை செய்கிறது. மலையாளிக்கு அது பக்கத்து வீட்டு மொழி: பாதி புரியும், பாதி புரியாது. அந்த அரைகுறைப் புரிதலில்தான் பேய் உட்கார்ந்திருக்கிறது. மறுஆக்கம் செய்தவர்கள் இதைச் சரியாகவே பிடித்துக்கொண்டார்கள். 2004-இல் கன்னட ஆப்தமித்ராவிலும் 2005-இல் தமிழ்ச் சந்திரமுகியிலும் பேய் தெலுங்கு பேசியது, 2007-இல் இந்தி பூல் புலையாவில் வங்காளம் பேசியது. எந்த ஊரிலும் பேய் பேசுவது பக்கத்து வீட்டு மொழிதான். தூர தேசத்து மொழியாக இருந்தால் பயமே வராது. குமரி மாவட்டத்துத் தமிழருக்குக் கதை தலைகீழ். அதுவரை மலையாளமே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வீட்டில் பேசும் மொழியில் திடீரென்று கொலைமிரட்டல் வருகிறது. அதுவும் நம் வட்டார நீட்டல் இல்லாத, மேடைத் தஞ்சாவூர்த் தமிழ். அனுதாபமும் தானாகவே நாகவல்லி பக்கம் போய்விடுகிறது. நம்மூர்ப் பெண் ஒருத்தியைக் கொண்டுபோய்க் கொன்றிருக்கிறார்கள் என்ற கோபம் அந்தப் பயத்தின் அடியில் கிடக்கிறது. இதை இந்த எல்லைப்பகுதிக்காரர்கள் மட்டும்தான் முழுசாக அனுபவிக்க முடியும் என்றால் மிகையில்லை.

சந்திரமுகியைப் பற்றி ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் கேட்பீர்கள். அது ரஜினி படம், அந்த அளவில் வெற்றிதான். ஜோதிகாவும் குறை வைக்கவில்லை. ஆனால் தொடக்கத்திலேயே நாயகன் சண்டை போட்டு ஜெயித்துவிடுவதால், இவர் இருக்கும்போது யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. பாம்பு வேறு. அங்கே விறுவிறுப்புக்குக் குறைவில்லை, பதைப்புக்கு இடம்தான் இல்லை.

இசை இரண்டு கையில் பிரிந்திருக்கிறது. பாடல்கள் எம்.ஜி. ராதாகிருஷ்ணன், பின்னணி ஜான்சன். ஆகிரி ராகத்தில் அமைந்த பழந்தமிழ்ப் பாட்டைப் பற்றிய பாடல், பேய் வருவதற்கு வெகு முன்பே அந்த ராகத்தின் சோகத்தைக் காதில் ஊற்றிவைக்கிறது. ஆகிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்ற நம்பிக்கை பாடகர்களிடம் உண்டு. தெரிந்துதான் எடுத்தார்களோ என்னவோ. ஜான்சனின் பின்னணியில் கவனிக்க வேண்டியது அது நிற்கும் இடங்கள். பல பயக் காட்சிகளில் இசை முன்னால் ஓடிப்போய் "இதோ வருகிறது" என்று சொல்வதில்லை. அமைதி, ஒரு சலங்கை, மறுபடி அமைதி.

கடைசி ஆட்டத்தில் படம் தன் கைச்சரக்கை எல்லாம் கொட்டுகிறது. தமிழ் வரிகள் வாலி. கங்காவின் கற்பனையில் அலங்காரத்தோடு நாகவல்லியும் அவள் காதலன் ராமநாதனும் ஆடுகிறார்கள். அதை வெட்டிவெட்டி, தலைவிரிகோலமாக, குங்குமம் கலைந்து கங்கா மட்டும் ஆடுவதைக் காட்டுகிறார்கள். ஒரே தாளத்தில் அவள் பார்ப்பதும் நாம் பார்ப்பதும் மாறிமாறி வருகின்றன. முன்னது எவ்வளவுக்கு அழகோ பின்னது அவ்வளவுக்குப் பரிதாபம். இந்த வெட்டு இல்லாமல் ஒன்றை மட்டும் காட்டியிருந்தால் நாட்டிய நிகழ்ச்சியாகவோ பேயாட்டமாகவோ போயிருக்கும்.

தொழில்நுட்பத்தில் வியப்பு, இது ஒரே ஆள் எடுத்த படம் போல இருப்பது. வேலையை வேகமாக முடிக்க பிரியதர்ஷன், சிபி மலையில், சித்திக்–லால் என்று மூன்று தரப்பு இரண்டாம் யூனிட்டாக வேலை செய்தது. ஒளிப்பதிவிலும் வேணுவோடு ஆனந்தக்குட்டன், சன்னி ஜோசப். இத்தனை கை பட்டும் நிழலின் அடர்த்தி காட்சிக்குக் காட்சி மாறவில்லை. படப்பிடிப்பு நடந்தது முக்கியமாகத் திருப்பூணித்துறை ஹில் பேலஸிலும் நம் பத்மநாபபுரம் அரண்மனையிலும். இரண்டும் வேறு வேறு கட்டிடங்கள் என்பது பார்க்கும்போது உறைப்பதே இல்லை.

குறைகள் உண்டு, சின்னவை அல்ல. ஆளுமைப் பிளவுக்கு ஒரே ராத்திரியில் தீர்வு என்பது சினிமா மருத்துவம். உண்மையில் இது நீண்டகாலச் சிகிச்சை. மந்திரவாதியும் (திலகன்) மருத்துவரும் கைகோத்துக்கொள்வதும், சுழலும் பலகையில் நகுலனை நகர்த்திப் பொம்மையை வெட்டவைப்பதும் நாடகத்துக்கு அருமை. அதை நோயாளிக்குப் பரிந்துரைக்க முடியாது. ஸ்ரீதேவியை அடைத்துவைத்ததற்கு யாரும் அவளிடம் உருப்படியாக மன்னிப்புக் கேட்பதில்லை. கடைசியில் சன்னி அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்பது அந்தக் கடனை மலிவாகத் தீர்க்கும் வழி. மகாதேவன் என்ற எதிர்வீட்டுக்காரருக்கு (கங்கா ராமநாதனாகக் காண்பது இவரைத்தான்) கங்காவின் கனவில் இருக்கும் வாழ்வு நிஜத்தில் இல்லை. சன்னி தன் பெருமையைத் தானே பேசும் வசனங்கள் இரண்டு மூன்றை வெட்டியிருக்கலாம்.

இனிப் புதுப் பிரதியும் அதை வீட்டில் பார்க்கும் விதமும். பழைய விசிடியிலும் கேபிளிலும் இந்தப் படத்தின் இருட்டு வெறும் கரிப்பூச்சாகத்தான் தெரிந்தது. புதுப் பிரதியில் தெக்கினிக் கதவின் மரவரி தெரிகிறது, இருட்டுக்குள்ளே இன்னும் இருட்டான இருட்டு தெரிகிறது. சில முகங்களில் வழவழப்பு கொஞ்சம் கூடிப்போனது போல ஒரு எண்ணம், ஆனால் கண்ணை உறுத்தும் அளவுக்கு இல்லை.

டிவியில் போட்டால் முதலில் பட அமைப்பை டைனமிக்கிலிருந்து எடுத்து சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடில் வையுங்கள். டைனமிக் நிழலைத் தூக்கி வெளுக்கச் செய்யும். விளக்கில்லாத இடைநாழி டியூப்லைட் போட்டது போல ஆகிவிடும். மோஷன் ஸ்மூத்திங் என்பதை, உங்கள் டிவியில் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாலும், அணையுங்கள். சினிமாவின் 24 பிரேமுக்கு இடையில் டிவி தானாகப் பிரேம் நுழைத்தால் கங்காவின் அசைவு சீரியல் போல வழுக்கும், கட்டில் காட்சியின் கனம் போய்விடும். திரையை நிரப்பவேண்டும் என்று ஜூம் போடாதீர்கள். தலையும் காலும் வெட்டுப்படும், இந்தப் படத்தில் கால் முக்கியம். அறை விளக்கை அணையுங்கள், ஆனால் டிவிக்குப் பின்னால் மங்கலான ஒரு விளக்கு இருக்கட்டும். கண் சோர்வு குறையும், கறுப்பும் ஆழமாகத் தெரியும்.

ஒலியில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. உண்ணித்தான் பேசும் சாதாரண வசனம், வீட்டில் ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசும் அளவுக்குக் கேட்கும்படி ஒலியை வைத்துவிட்டு ரிமோட்டைத் தள்ளிவையுங்கள். மெல்லிய இடத்தில் கூட்டி, சத்தமான இடத்தில் குறைத்து என்று ஆடினால் ஜான்சன் விட்ட அமைதிக்கெல்லாம் அர்த்தம் இல்லாமல் போகும். நைட் மோட் என்பதும் இதைத்தான் தானாகச் செய்கிறது, அதையும் அணையுங்கள். சவுண்ட்பாரில் போலி சரவுண்ட் இருந்தால் வேண்டாம். சலங்கை கூரையில் கேட்டால் எங்கிருந்து வருகிறது என்று நாம் பாடுபட்டுப் படித்த வீட்டு வரைபடம் குழம்பிவிடும். ராத்திரி அக்கம்பக்கத்துக்கு இடைஞ்சல் என்றால் நல்ல ஹெட்போன் போதும். போனின் சொந்த ஸ்பீக்கரில் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம். இடையில் நிறுத்துவதென்றால் இடைவேளையில் மட்டும் நிறுத்துங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு: ரத்தம் ஏறக்குறைய இல்லை, ஆனால் அம்மா திடீரென்று வேறொருத்தியாக மாறுவது பிள்ளைகளுக்கு ரத்தத்தைவிட மோசமான பயம். 10 வயதுக்குக் கீழே கட்டில் காட்சியைத் தவிர்ப்பது நல்லது.

இரண்டாம் தடவை பார்ப்பவர்கள் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஏதாவது உடையும்போது, எரியும்போது, அதற்கு முந்தைய ஷாட்டில் கங்கா எங்கே இருந்தாள் என்று மட்டும் கேளுங்கள். உடைந்ததைப் பார்க்காமல், ஓடிவருகிறவர்களில் அவள் எத்தனாவதாக வருகிறாள் என்று பாருங்கள். நாகவல்லியின் கதையைச் சன்னியிடம் அவள் சொல்லும் காட்சியில் கதையை விட்டுவிட்டு, நகைகளின் மேல் போகும் அவள் கையைப் பாருங்கள். தன் சிறுவயதைப் பற்றி அவள் பேச்சுவாக்கில் சொல்வதையும் கேட்டுவையுங்கள். பாட்டி வீட்டில் தனியாக வளர்ந்த பிள்ளை, கதை கேட்டே வளர்ந்தது. பின்னால் சன்னி அவள் ஊருக்குப் போய்த் தோண்டி எடுப்பது எல்லாம் அங்கேயே சொல்லப்பட்டுவிட்டது. பெரும்பாலான இடங்களில் படம் நேர்மையாகவே நடந்துகொள்கிறது. துப்பு நம் கையில் கொடுத்த பிறகுதான் நம்மை ஏமாற்றுகிறது.

படம் பார்த்தவர்கள் பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்த்துவிடுவது நல்லது. தக்கலையிலிருந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர். 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே இருக்கிறது. டிக்கெட் கொடுப்பவர் மலையாளத்தில் பேசினால் ஆச்சரியப்பட வேண்டாம். படத்தின் ஒளி எங்கிருந்து வந்தது என்பது உள்ளே போனால் புரியும். தாழ்ந்த நிலைவாசல், சின்னச் சின்ன மரச் சன்னல், வெயில் கொளுத்தும் நேரத்திலும் அறைக்குள் அந்தி. பளபளக்கும் கறுப்புத் தரை, கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் கீழிருந்து முகத்தில் அடிக்கிறது. நவராத்திரி மண்டபத்தில் அரண்மனைப் பெண்கள் தங்களை யாரும் பார்க்காமல் ஆட்டம் பார்க்க வைத்த மரச் சல்லடையைக் கவனியுங்கள். யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வை வரவழைக்க அங்கே எந்த ஒளிப்பதிவாளரும் தேவையில்லை. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி திருமேனி திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போகும் சமயத்தில்தான் படத்தின் துர்காஷ்டமியும் வருகிறது. அந்தச் சமயம் போனால் கூட்டம் அதிகம், அறை அறையாக நின்று பார்க்க முடியாது. சாதாரண நாளில் காலையில் திறந்ததும் போவது சரி. திங்கட்கிழமை விடுமுறை.